மணலும் சகதியும்: சுரங்கக் கழிவின் பலம் எங்கே இருக்கிறது?

வீடு கட்டும் இடத்தில் கான்கிரீட் கலப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெரிய ஜல்லி, அதைவிடச் சின்ன ஜல்லி, மணல், கடைசியாக மாவு போன்ற சிமெண்ட். ஏன் இத்தனை அளவு என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பெரிய கல்லுக்கு நடுவில் இருக்கும் சந்தைச் சின்னக் கல் அடைக்கும், சின்னக் கல்லின் சந்தை மணல் அடைக்கும், மணலின் சந்தை சிமெண்ட் அடைக்கும். சந்து குறைந்தால் பலம் கூடும். அவ்வளவுதான் விஷயம்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கலப்பதற்குக் கொத்தனார் இல்லை, அமுக்குவதற்கு ரோலர் இல்லை, நடுவில் தண்ணீர் வேறு. அந்த இடம் சுரங்கக் கழிவு அணை. அங்கே கலவை தப்பானால் விரிசலோடு நிற்பதில்லை, கீழே இருக்கும் ஊர் போய்விடுகிறது. 2015ல் பிரேசில் நாட்டில் அப்படித்தான் ஓர் ஊர் போனது. அந்தக் கதைக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை.

சுரங்கக் கழிவு என்றால் என்ன?

செம்பு, தங்கம், இரும்பு எதுவாக இருந்தாலும் பாறையாகத்தான் பூமியிலிருந்து வெளியே வருகிறது. அந்தப் பாறையை உடைத்து, அரைத்து, மாவாக்கினால்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரிக்க முடியும். இன்று பல செம்புச் சுரங்கங்களில் 100 கிலோ பாறையில் 1 கிலோ செம்புகூடக் கிடைப்பதில்லை. தங்கத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தாலே அது நல்ல சுரங்கம்! மீதி எல்லாம் அரைத்த பொடி. இந்தப் பொடிக்கு ஆங்கிலத்தில் டெய்லிங்ஸ் என்று பெயர். தண்ணீரோடு கலந்து கஞ்சி போலக் குழாயில் அனுப்பி, ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே கரை கட்டி அதற்குப் பின்னால் கொட்டுவார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் அணை கட்டுபவர் வெளியிலிருந்து நல்ல மண்ணோ கல்லோ சிமெண்டோ கொண்டுவந்து கட்டுகிறார். கழிவு அணையில் பெரும்பாலும் அந்தக் கழிவையே எடுத்துக் கரையை உயர்த்துகிறார்கள். அதாவது உள்ளே அடைத்து வைக்க வேண்டியதும் அதுதான், அதை அடைத்து வைக்கும் சுவரும் அதுதான். அதனால் அந்தப் பொடியின் பலம் எவ்வளவு என்பது கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் உயிர்ப் பிரச்சனை ஆகிவிடுகிறது.

சல்லடைக் கணக்கு

அரைத்த பொடி எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மண்ணியல் பொறியாளர்கள் அதைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். 4.75 மில்லிமீட்டர் முதல் 0.075 மில்லிமீட்டர் வரை இருப்பது மணல். 0.075 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் களி அளவு. சல்லடையில் சிக்காத அளவுக்கு நுண்ணிய பொடியைத் தண்ணீரில் கலக்கி, எவ்வளவு நேரத்தில் அடியில் படிகிறது என்று பார்த்து அளப்பார்கள். சுரங்கக்காரர்கள் இதையே இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கையில் எடுத்தால் நறநறவென்று இருப்பது மணல். வழவழவென்று கூழாக இருப்பது ஸ்லைம்ஸ். இந்தக் கட்டுரையில் அதைச் சகதி என்றே சொல்லலாம்.

எல்லா அளவையும் ஒரு வரைபடத்தில் போட்டால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதில் முக்கியமான எண் டி-10. மொத்த எடையில் 10 சதவிகிதம் எந்த அளவை விடப் பொடியாக இருக்கிறதோ, அந்த அளவுதான் டி-10. ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1892ல் மணல் வடிகட்டிகளை ஆராய்ந்து ஒரு சுலபமான விதியைச் சொன்னார். மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஊடுருவும் என்பது டி-10ன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே அந்த விதி. டி-10 பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தண்ணீர் வடியும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 100 கிலோ கழிவில் 10 கிலோ நுண்பொடி மொத்தக் குவியலின் வடிகாலையும் தீர்மானிக்கிறது என்று அர்த்தம். சராசரி அளவைப் பார்த்து முடிவெடுப்பவர் இங்கேதான் ஏமாந்து போகிறார்.

ஒரு படி கொண்டைக்கடலை

அளவுக் கலவைக்கும் பலத்துக்கும் என்ன உறவு? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு படி நிறையக் கொண்டைக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைக்கு நடுவில் நிறையச் சந்து இருக்கும். அதில் கொஞ்சம் ரவையைத் தூவித் தட்டினால், படி வழியாமலே ரவை உள்ளே போய்விடும். எடை கூடிவிட்டது. ஆனால் மேலிருந்து கையால் அமுக்கினால் அந்தப் பாரத்தைத் தாங்குவது யார்? கடலைதான். ஒரு கடலையின் மேல் இன்னொரு கடலை என்று சங்கிலி போலப் பாரம் கீழே இறங்குகிறது. ரவை சும்மா உட்கார்ந்திருக்கிறது. சில ரவை மணிகள் இரண்டு கடலைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவற்றைச் சரியாக உட்கார விடாமலும் செய்யும்.

இப்போது ரவையைப் பாதிக்குப் பாதி போட்டு முதலிலேயே கலந்துவிட்டுக் கொட்டுங்கள். கடலைகள் ஒன்றையொன்று தொடாது. ரவைக்குள் மிதக்கும். இனிமேல் படியின் பலம் ரவையின் பலம்தான். கடலை பெயருக்கு மட்டும் இருக்கிறது.

ஆய்வுக்கூடங்களில் மணலோடு வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சோதித்தபோதும் இதேதான் தெரிந்தது. நுண்பொடி சுமார் 25 முதல் 40 சதவிகிதத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் ஆட்சி கை மாறுகிறது. அதற்குக் கீழே மணல் எலும்புக்கூடு பாரத்தைச் சுமக்கிறது. அதற்கு மேலே சகதி சுமக்கிறது. அந்த எல்லை எங்கே என்பது துகளின் வடிவத்தையும் இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பொறுத்து மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. படியில் ரவை சேர்த்ததும் எடை கூடியதல்லவா? அதை மட்டும் பார்ப்பவர் 'குவியல் நெருக்கமாகிவிட்டது, பலமாகிவிட்டது' என்று நினைப்பார். உண்மையில் பாரம் சுமக்கும் சங்கிலி மாறவே இல்லை. மணலும் வண்டலும் கலந்த மண்ணும் வெறும் மணலும் ஒரே அளவு சந்து விகிதத்தில் இருந்தால், கலந்த மண்தான் பலவீனமாக இருக்கும் என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. காரணம் அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கும் ரவைதான்.

அப்படியென்றால் கொத்தனார் சொன்னது தப்பா? இல்லை. ரோடு போடும்போதும் கான்கிரீட் போடும்போதும் பல அளவுகளைக் கணக்குப் போட்டுக் கலந்து, ரோலரோ வைப்ரேட்டரோ வைத்து நெருக்குகிறார்கள். அங்கே கலவை பலம் தருகிறது. கழிவு அணையில் பொடி தானாகத் தண்ணீரில் மிதந்து போய்த் தானாகப் படிகிறது. யாரும் அமுக்குவதில்லை.

மெரினாவில் கால் வைத்தால்

கழிவுப் பொடி புதிதாக உடைத்த பாறை. ஆற்று மணல் போல உருண்டையாக இல்லாமல், கூர் முனைகளோடு இருக்கும். அதனால் ஒன்றோடொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்த நிலையில் சோதித்தால் அதன் உராய்வுக் கோணம் சாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும். நல்ல மணலுக்குக் குறைந்ததல்ல. இத்தனை பலமான பொருள் எப்படி ஆறாக ஓடுகிறது?

கடற்கரையில் அலை வந்து போன ஈர மணலில் காலை அழுத்தி வைத்தால், காலைச் சுற்றி மணல் சட்டென்று காய்ந்தது போல வெளுக்கும். கவனித்திருப்பீர்கள். நெருக்கமாக இருக்கும் மணலை நகர்த்தினால் துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், அதனால் மணல் விரிகிறது, விரிந்த சந்துக்குள் மேலே இருந்த தண்ணீர் இறங்குகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885ல் இதை விளக்கினார். இப்படி விரியும் மண் நல்ல மண். தள்ளத் தள்ள இன்னும் இறுகும்.

தளர்வாகப் படிந்த மண் இதற்கு நேர் எதிர். தள்ளினால் சுருங்கப் பார்க்கும். சந்தில் தண்ணீர் நிரம்பியிருந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறியாக வேண்டும். பெருமணலாக இருந்தால் உடனே வடிந்துவிடும். நுண்பொடி கலந்திருந்தால் வடிய வழியில்லை. ஹேசன் விதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெளியேற முடியாத தண்ணீர் இப்போது பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. துகளும் துகளும் அழுத்திக்கொண்டிருந்த விசை குறைகிறது. மண்ணின் பலம் என்பதே அந்த விசையும் உராய்வும் சேர்ந்ததுதான் என்பதால், விசை போனால் பலமும் போகிறது. திடமாக நின்ற மண் சில விநாடிகளில் குழம்பாகிவிடுகிறது. மண் திரவமாதல் என்று இதைச் சொல்கிறார்கள். பூகம்பம் வந்துதான் இது நடக்க வேண்டும் என்றில்லை. சும்மா இருக்கும்போதும் நடக்கலாம்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1918ல் கலிபோர்னியாவில் கட்டிக்கொண்டிருந்த கலாவெரஸ் அணை, தண்ணீரோடு மண்ணைப் பாய்ச்சிக் கட்டப்பட்டது. அது சரிந்து ஓடியது. தண்ணீர் பாரத்தைச் சுமந்ததால் துகள்களுக்கு இடையே பிடிப்பு போய்விட்டது என்று 1920ல் எழுதியவர் வேறு யாருமில்லை, அதே ஆலன் ஹேசன்தான். அதற்கு 95 வருடங்களுக்குப் பிறகு பிரேசிலில் நடந்ததைப் பார்க்கலாம்.

ஃபுண்டாவ், 2015

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் மரியானா என்ற ஊருக்குப் பக்கத்தில் சமார்கோ நிறுவனத்தின் இரும்புச் சுரங்கம் இருக்கிறது. வாலே, பிஎச்பி என்ற இரண்டு பெரிய சுரங்க நிறுவனங்கள் அதில் சரிபாதிப் பங்குதாரர்கள். அங்கே கழிவு இரண்டு வகையாக வந்தது. ஒன்று மணல், இன்னொன்று சகதி. ஃபுண்டாவ் அணையின் மூலத் திட்டம் நல்ல திட்டம்தான். முன்னால் மணலைக் கரையாகப் போட வேண்டும், அதில் தண்ணீர் தானாக வடிந்துவிடும், வடிந்த மணல் பின்னால் இருக்கும் சகதியைத் தாங்கும். இரண்டும் கலக்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

அணை 2008ல் வேலைக்கு வந்தது. 2009லேயே அடியில் போட்டிருந்த வடிகால்களில் கட்டுமானக் குறை இருப்பது தெரிந்தது. அவற்றை மூடிவிட்டு, உயரத்தில் ஒரு புது வடிகால் போட்டுத் திட்டத்தை மாற்றினார்கள். மணல் உலர்ந்து இருக்க வேண்டும் என்ற முதல் திட்டம் அங்கே கைவிடப்பட்டது. மணலில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்தார்கள். கரையின் உச்சியிலிருந்து 200 மீட்டர் தூரத்துக்கு மணல் மட்டுமே இருக்க வேண்டும், சகதி அதற்குள் வரக் கூடாது.

2011லும் 2012லும் அந்த 200 மீட்டர் விதி பல தடவை மீறப்பட்டது. சகதி உள்ளே வந்து படிந்தது. அதன் மேல் மணல் மூடியது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் மணல்தான். 2012 கடைசியில் இன்னொரு பிரச்சனை. இடது பக்கம் கரைக்கு அடியில் போன கான்கிரீட் சுரங்கக் கால்வாய்க்கு மேலே வரும் பாரத்தைத் தாங்கும் பலம் இல்லை என்று தெரிந்தது. அதைச் சரி செய்யும் வரை அந்தப் பகுதியில் மட்டும் கரையைப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். பின்னால் தள்ளிய கரை எதன் மேல் உட்கார்ந்தது? புதைந்து கிடந்த அந்தச் சகதியின் மேல்.

அதற்குப் பிறகு கரை உயர்ந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்டில் அதே இடது பக்கம் விரிசல்கள் வந்தன. கரைக்கு முன்னால் மண் போட்டு முட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உயர்த்தினார்கள்.

2015 நவம்பர் 5. பிற்பகலில் சில சின்ன நில அதிர்வுகள். சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, 3.45 மணிக்கு, கரை அந்த இடது பக்கத்தில் உடைந்தது. 3 கோடி கன மீட்டருக்கு மேல் கழிவு வெளியே வந்தது. அணையில் இருந்ததில் பாதிக்கு மேல்.

கீழே பெண்ட்டோ ரோட்ரீகஸ் என்ற சிற்றூர். எச்சரிக்கைச் சங்கு எதுவும் ஊதவில்லை. ஊரைச் சேர்ந்த ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தினார். அதனால் பிழைத்தவர்கள் பலர். மொத்தம் 19 பேர் இறந்தார்கள். 14 பேர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், 5 பேர் ஊர்க்காரர்கள். சேறு டோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அதே மாதத்திலேயே அட்லாண்டிக் கடலில் கலந்தது.

நிறுவனங்களின் சார்பில் அமர்த்தப்பட்ட நான்கு பொறியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தார்கள். தலைவர் கனடாவின் நார்பர்ட் மார்கன்ஸ்டெர்ன். குற்றம் யாருடையது என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை, எப்படி உடைந்தது என்று சொல்வது மட்டும்தான். 2016 ஆகஸ்டில் அவர்கள் சொன்ன பதில் கிட்டத்தட்ட முழுக்கத் துகள் அளவைப் பற்றியது. மேலே பாரம் ஏற ஏற, அடியில் புதைந்திருந்த சகதி பற்பசை டியூபை அமுக்கினால் வருவது போலப் பக்கவாட்டில் பிதுங்கியது. சகதி பிதுங்கும்போது அதன் மேல் உட்கார்ந்திருந்த மணலையும் பக்கவாட்டில் இழுத்தது. இழுபட்ட மணலுக்குப் பக்கப் பிடிப்பு போனது. தளர்வாக, தண்ணீர் நிரம்பி இருந்த அந்த மணல் குழம்பாகி ஓடியது. இதே மாதிரிப் பிடிப்பைக் குறைத்து ஆய்வுக்கூடத்தில் மணலைச் சோதித்தபோது அங்கேயும் அது திடீரென்று நொறுங்கியது. அதிர்வுகள் ஏற்கெனவே உடையும் நிலைக்கு வந்திருந்ததைக் கொஞ்சம் வேகப்படுத்தின என்றார்கள்.

கவனியுங்கள். குழம்பாகி ஓடியது மணல். ஓட வைத்தது சகதி. இரண்டும் தனித்தனியாக, அதனதன் இடத்தில் இருந்திருந்தால் இந்த வழியில் அணை உடைந்திருக்க வாய்ப்பில்லை.

புருமாதின்யோ, 2019

மூன்று வருடம் சில மாதங்களில் அதே மாநிலத்தில் அடுத்தது. 2019 ஜனவரி 25, மதியம் 12.28. வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கத்தில் 86 மீட்டர் உயரமான கழிவு அணை உடைந்தது. நேர் கீழே சுரங்க அலுவலகமும் தொழிலாளர்களின் உணவுக்கூடமும். சாப்பாட்டு நேரம். 270 பேர் இறந்தார்கள்.

அந்த அணையில் 2016க்குப் பிறகு கழிவு கொட்டவே இல்லை. 2018ல் நிலையாக இருக்கிறது என்று சான்றிதழும் கிடைத்திருந்தது. உடைவதற்கு முன் கருவிகள் பெரிய அசைவு எதையும் காட்டவில்லை. நிபுணர் குழு ஆராய்ந்து சொன்ன காரணங்களில் மறுபடியும் அதே பழைய பெயர்கள். கரை செங்குத்தாக எழுப்பப்பட்டது. கழிவு கொட்டிய காலத்தில் தண்ணீர் சில சமயம் கரைக்குப் பக்கத்திலேயே நின்றதால், பலவீனமான நுண்பொடி அடுக்குகள் கரையோரமாகப் படிந்துவிட்டன. பின்னால் அவற்றின் மேல் கரை ஏறியது. தண்ணீர் வடியவில்லை. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கழிவில் இரும்பு மிக அதிகம். அந்த இரும்பு ஆக்சைடு துகள்களை லேசாக ஒட்ட வைத்திருந்தது. ஒட்டியிருப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒட்டு கண்ணாடி மாதிரி. கொஞ்சமும் வளையாமல் நிற்கும், விட்டால் மொத்தமாக விடும். அதனால்தான் முன்கூட்டி அசைவு தெரியவில்லை.

கோலாரில் பொடிக்கு இன்னொரு முகம்

நம்மூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை என்று தோன்றலாம். கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்த பாறை இன்னும் அங்கே மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பிரேசில் மாதிரிப் பெரிய குளமாகத் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. அதனால் பிரச்சனையும் வேறு மாதிரி. தங்கத்தைப் பிரிக்க மாவாக அரைத்த அந்தப் பொடி காய்ந்துவிட்டால் காற்றில் கிளம்புகிறது. காற்றடிக்கும் காலத்தில் வீட்டுக்குள் பாத்திரத்தில் படிகிறது, நெஞ்சுக்குள்ளும் போகிறது. நனைந்தால் வடியாது, காய்ந்தால் பறக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, துகளின் அளவு.

கழிவுக்கு ஐந்தொகையில் இடம் எது?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வர வேண்டும். இத்தனை தெரிந்தும் ஏன் சகதியின் மேல் கரை ஏறுகிறது?

கழிவை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதற்குச் செய்யும் ஒவ்வொரு ரூபாயும் செலவு மட்டும்தான், எதிரில் வரவு கிடையாது. கரையை உயர்த்துவதில் மூன்று வழி உண்டு. ஒவ்வொரு தடவையும் கரையை வெளிப்பக்கம், நல்ல தரையின் மேல் அகலப்படுத்திக் கட்டுவது ஒன்று. உட்பக்கம், ஏற்கெனவே படிந்த கழிவின் மேலேயே ஏறிக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவது இரண்டுக்கும் நடு. உட்பக்கம் ஏறும் முறைக்கு ஆகும் மண் மிகக் குறைவு, அதனால் செலவும் மிகக் குறைவு. ஃபுண்டாவும் புருமாதின்யோவும் அந்த முறைதான். அதில் மிச்சமாகும் பணம் அந்த வருடக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அதற்கு ஈடாகத் தலைமேல் ஏறும் ஆபத்து எந்த வருடக் கணக்கிலும் தெரியாது, ஒரு நாள் மதியம் தெரியும் வரை.

2024 அக்டோபரில் பிரேசில் அரசோடு சமார்கோவும் அதன் பங்குதாரர்களும் போட்ட ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 170 பில்லியன் ரியால். 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், ஃபுண்டாவ் உடைந்ததற்கு பிஎச்பி பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சகதியை 200 மீட்டர் தள்ளி வைக்க ஆகியிருக்கும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ட்டோ ரோட்ரீகஸ் மக்களுக்கு வேறு இடத்தில் புது ஊர் கட்டி, முதல் குடும்பங்கள் குடியேறியது 2023ல். அந்த எட்டு வருடத்தில் காத்திருந்தே இறந்து போன வயதானவர்களை எந்த ஒப்பந்தத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

என்ன செய்யலாம்?

வழிகள் இல்லாமல் இல்லை. அவையும் பெரும்பாலும் துகள் அளவை வைத்துத்தான். கழிவுக் கஞ்சியைக் கூம்பு வடிவ சைக்ளோன் கருவியில் சுழற்றினால் மணல் கீழேயும் சகதி மேலேயும் தனித்தனியாகப் பிரியும். மணலைக் கரைக்கு வைத்துக்கொள்ளலாம். கழிவைப் பிழிந்து, தண்ணீரை எடுத்துவிட்டு, ஈர மண்ணாக அடுக்கி ரோலர் விடலாம். செலவு அதிகம், ஆனால் குழம்பாகத் தேவையான தண்ணீரே இருக்காது.

கழிவைச் சிமெண்டோடு கலந்து, தோண்டிய சுரங்கத்துக்குள்ளேயே திருப்பி நிரப்புவதும் உண்டு. இங்கே கணக்கு சுவாரஸ்யமானது. மணலாக அனுப்பித் தண்ணீரை வடிய விடுவதென்றால், 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்பொடி 10 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் வடியாது. அதையே பசையாகக் குழாயில் தள்ளுவதென்றால், 20 மைக்ரானுக்குக் கீழே குறைந்தது 15 சதவிகிதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பிரிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நுண்பொடி அதிகமானால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதே பலம் வர அதிக சிமெண்ட் போட வேண்டும். இந்த வேலையில் பெரிய செலவே சிமெண்ட்தான். ஆக நுண்பொடி ஓர் இடத்தில் எதிரி, இன்னோர் இடத்தில் தேவை. கெட்ட துகள் என்று ஒன்று கிடையாது. எந்த வேலைக்கு எந்தக் கலவை என்பதுதான் கேள்வி.

புருமாதின்யோவுக்குப் பிறகு பிரேசில் உட்பக்கம் ஏறும் அணைகளைத் தடை செய்தது. 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கு ஓர் உலகளாவிய தர விதி வெளியானது. நல்ல விஷயங்கள்தான். ஆனாலும் ஏற்கெனவே கட்டிய அணைகள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பல அணைகளில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன்னால் எந்த மழை வருடத்தில் எந்தப் பக்கம் குழாயைத் திருப்பினார்கள், எங்கே சகதி படிந்தது என்பதற்குச் சரியான பதிவே கிடையாது. மேலே புல் முளைத்துவிட்டால் அது சாதாரண மேடு.

துளை போட்டு, மண் எடுத்து, சல்லடையில் சலித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு பெரிய சுரங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சின்ன வரி. அந்த வரியை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் பொறியாளர்கள் மட்டும் இல்லை. தணிக்கையாளர்கள், கடன் கொடுக்கும் வங்கிகள், பங்கு வாங்குபவர்கள், நாளைக்கு இந்த வேலைகளுக்கெல்லாம் போகப் போகிற இன்றைய பி.காம் மாணவர்கள், எல்லோரும் கேட்கலாம். 'இந்தக் கரைக்கு அடியில் இருப்பது மணலா, சகதியா? எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்க மண்ணியல் பட்டம் தேவையில்லை.